தலைக்கட்டில் பெயர் இல்லாதவரின் திருநாள்

புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில், பாகூர் கொம்யூனின் கடலோரத்தில், மணலும் சவுக்குமாக இருக்கிற ஊர் மணப்பட்டு. மேற்கே பாகூர் ஏரி பாய்கிற நெல்வயல்கள், கிழக்கே வங்கக்கடல். இந்த வட்டாரத்து ஆட்கள் அந்தக் கடலைத் தாண்டிப் பிழைக்கப் போகத் தொடங்கி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர்களில் பிறந்தவர்களுக்குச் சைகோன் வாய்த்தது. பக்கத்திலேயே இருந்தும் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்ட கடலூர்க்காரர்களுக்குப் பினாங்கும் சிங்கப்பூரும் வாய்த்தன. போனவர்கள் தெய்வங்களையும் திருநாட்களையும் கூடவே கொண்டுபோனார்கள். அன்று தொடங்கிய ஒரு கேள்வி இன்னும் ஓயவில்லை: அயலூர் அடுக்குமாடியில், கிடைத்த விடுமுறையில், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைத்துக் கொண்டாடப்படும் பண்டிகை, பண்டிகைதானா? இதற்கு இரண்டு விடைகள் புழக்கத்தில் உண்டு. மனசு சுத்தமாக இருந்தால் எங்கே கும்பிட்டாலும் ஒன்றுதான் என்பது ஒன்று. சொந்த மண்ணை மிதிக்காமல் என்ன திருவிழா என்பது மற்றொன்று. முதலாவது ஆறுதலுக்காகச் சொல்லப்படுவது, இரண்டாவது ஏக்கத்தில் சொல்லப்படுவது. இரண்டுமே, திருநாள் என்பது எதனால் திருநாள் ஆகிறது என்ற கேள்வியைத் தொடாமல் போய்விடுகின்றன.

நாளினால்தான் என்பது பஞ்சாங்கக்காரர் சொல்லும் விடை. திதியும் நட்சத்திரமும் கூடிய பொழுதில் செய்தால்தான் பலன், ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்தால் அது வெறும் விருந்து என்பார்கள். கனமான வாதம்தான். ஆனால் பஞ்சாங்கமே இதற்கு முழுத் துணையாக வருவதில்லை. பல விரதங்களுக்குச் சூரிய உதயத்தில் எந்தத் திதி நிற்கிறதோ அதுவே கணக்கு. உதயமோ ஊருக்கு ஊர் மாறுவது. புதுச்சேரியில் விடிகாலை ஆறு மணியை ஒட்டிச் சூரியன் எழுகிறது. சிங்கப்பூரில் அவர்கள் கடிகாரப்படி ஏழு மணியை ஒட்டி, அதாவது நம் நேரத்துக்கு நாலரை மணிக்கே எழுந்துவிடுகிறது. நம் நேரத்துக்கு ஐந்து மணிக்கு முடியும் ஒரு திதி அங்கே அந்த நாளுக்கு உரியது, இங்கே அப்படி இல்லை. ஒரே வானம், ஒரே நிலவு, இருந்தும் விரத நாள் இரண்டு. சடங்கைத் தொடங்கும்போது சொல்லும் சங்கல்பத்திலும் காலத்தோடு இடத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அமெரிக்கக் கோயில்களில் வேலை பார்க்கும் அர்ச்சகர்கள் பாரத கண்டத்தின் பெயரை விட்டு, புராண பூகோளத்தில் வேறொரு தீவின் பெயரைத் தேடி எடுத்துச் சொல்கிறார்கள். நிற்கிற இடத்தைப் பொய்யாகச் சொல்லிச் சடங்கைத் தொடங்கக் கூடாது என்ற கூச்சம் அதில் இருக்கிறது. கணக்கு எப்போதும் நிற்கிற இடத்திலிருந்துதான் போடப்பட்டது.

தீமிதியை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். செஞ்சியை மையமாகக் கொண்டு பரவிய திரௌபதி வழிபாட்டை ஆல்ஃப் ஹில்டபைடல் இரண்டு பெரிய நூல்களில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பாரதப் பிரசங்கம், தெருக்கூத்து, பதினெட்டாம் நாள் படுகளம், கடைசியில் தீக்குழி என்று போகும் அந்தத் திருவிழா, பழைய தென்னார்க்காட்டிலும் புதுச்சேரிக் கிராமங்களிலும் பெரும்பாலும் அறுவடை ஓய்ந்த வெயில் காலத்தில் நடப்பது. சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில், ராஃபிள்சோடு 1819-இல் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827-இல் எழுப்பியது. கடலூர், நாகப்பட்டினம் பக்கத்து ஆட்களே அதன் முதல் குடிகள். அங்கே 1840 முதல் தீமிதி நடக்கிறது, ஆனால் ஐப்பசியில், தீபாவளிக்கு முன்பாக, இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமையில். நம் ஊர்க் கணக்குப்படி பார்த்தால் மாதமும் சரியில்லை, கிழமையும் வசதிக்காக வைத்தது. இருந்தும் அந்தத் தீக்குழியில் இறங்கியவர்களைப் பார்த்து, நீங்கள் மிதித்தது தீ இல்லை என்று யாரும் சொன்னதில்லை. பிழை என்று தொடங்கியிருந்தாலும் இத்தனை தலைமுறைக்குப் பின் அது அந்த ஊரின் நியமமாகிவிட்டது. ஆகவே நாளுக்கு மதிப்பு உண்டு என்பதை ஒப்புக்கொள்ளலாம். நாள்தான் விழாவின் உயிர் என்பதை ஒப்புக்கொள்ள முடியாது.

அடுத்தது மண். எல்லையம்மன், அய்யனார், குலதெய்வம் என்று நம் தெய்வங்களில் பாதி இடத்தோடு கட்டப்பட்டவை. ஏரிக்கரையிலும் ஊர் எல்லையிலும் நிற்கிற தெய்வத்தைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. பிள்ளைக்கு முதல் முடி இறக்க விமானம் ஏறி வருகிறவர்கள் அதை அறிந்தே வருகிறார்கள். ஆனால் குலதெய்வப் படையலை வைத்துத் திருவிழாவை அளந்தால் கணக்கு தப்பும். கோயில் மரபே இந்த இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. மூலவர் அசையாதவர், உற்சவர் புறப்படுகிறவர். திருவிழா உற்சவருக்கு உரியது. மாசி மகத்தன்று மயிலம் முருகன் மலையை விட்டு வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வருகிறார். ஸ்ரீமுஷ்ணம் பூவராகசுவாமி பல ஊர் கடந்து கிள்ளைக்கு வருகிறார். அங்கே முஸ்லிம்களும் அவருக்கு மரியாதை செய்வது பழைய வழக்கம். கருவறையை விட்டு, தெருவைத் தாண்டி, அடுத்தவர் ஊர் வழியாகத் தெய்வம் போவதைத்தான் நாம் விழா என்கிறோம். வெளியே போவது விழாவுக்குக் குறை என்றால் முதலில் உற்சவர் சிலையை உருக்க வேண்டியிருக்கும். ஒன்று சொல்லலாம்: உற்சவர் சில நாளில் திரும்பிவிடுகிறார், சைகோனுக்குப் போனவர் முப்பது வருடம் திரும்பவில்லை. இது நியாயமான மறுப்புதான். ஆனால் அந்த உற்சவர் நடுவழியில் தெய்வமாக இல்லாமல் போய்விடுவதில்லை. போகிற வழியெல்லாம் அவருக்கு மண்டகப்படி வைக்க ஆள் இருக்கிறது. யார் வைப்பது என்பது முன்பே தீர்ந்த விஷயமாகவும் இருக்கிறது.

அங்கேதான் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு கிராமத்தில் கூழ் வார்ப்போ தேரோ தீமிதியோ எப்படித் தொடங்குகிறது? நல்ல நாள் பார்ப்பதற்கு முன்னால் ஊர்க்கூட்டம் கூடுகிறது. தலைக்கட்டுக்கு இவ்வளவு வரி என்று பேசி முடிக்கிறார்கள். கல்யாணம் ஆன ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. வசதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொகை ஒன்று. எந்த நாள் உபயம் எந்தக் குடும்பத்துக்கு, முதல் மரியாதை யாருக்கு, வடம் எந்தத் தெரு, பந்தம் யார் கையில், உலை யார் வீட்டில் என்று எல்லாம் முறைப்படி பகிரப்படுகின்றன. இந்தப் பகிர்வில் பக்தி அளக்கப்படுவதில்லை. நாத்திகம் பேசுகிறவரும் வரி கட்டுகிறார், கட்டாவிட்டால் கேட்கிறார்கள். பக்தனுக்கு விழாவில் இடம் கிடைப்பது பக்தியால் இல்லை, செய்ய வேண்டிய ஒரு காரியம் அவன் பேரில் நிற்பதால். கடமை பங்கிடப்பட்டிருக்கும் கூட்டத்தில் வருகிற நாள் திருநாள். பங்கிடப்படாத இடத்தில் வருகிற நாள் ஓய்வுநாள். இரண்டும் நல்லவைதான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அயல்நாட்டில் இருக்கிறவர் தன் தீபாவளியில் ஏதோ குறைகிறது என்று உணரும்போது, வெடிச்சத்தத்தையும் அம்மா கைப் பலகாரத்தையும் குற்றம் சாட்டுகிறார். உண்மையில் அவரை எதிர்பார்த்து அங்கே எந்தக் காரியமும் காத்திருக்கவில்லை, அவர் வராவிட்டாலும் எதுவும் நிற்கப்போவதில்லை. குறைவது அதுதான்.

இதற்குப் பக்கத்திலேயே ஒரு சான்று இருக்கிறது, அதுவும் தலைகீழான சான்று. வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மனின் ஆடித் தேரை அந்தக் காலத்தில் பிரெஞ்சு ஆளுநர் வடம் தொட்டுத் தொடங்கிவைப்பார். ஆட்சி மாறிய பின் அந்த முறை துணைநிலை ஆளுநருக்கு வந்தது, இன்றும் நடக்கிறது. அந்தப் பிரெஞ்சுக்காரர் யார்? பல்லாயிரம் மைல் தாண்டி வேலைக்கு வந்தவர், நம் சொல்லில் சீமைக்குப் பிழைக்க வந்தவர். அம்மனை அவர் நம்பினாரா என்று மீனவர்கள் விசாரிக்கவில்லை. வடத்தில் ஒரு கைப்பிடி இடம் கொடுத்தார்கள். அந்த ஒரு பொழுதுக்கு அவர் விழாவின் ஆள். இதில் அதிகாரத்தோடு செய்துகொண்ட சமரசம் இருக்கிறது என்று சொல்பவர்கள் சொல்வதும் சரிதான். ஆளுநரின் தயவு ஊருக்குத் தேவைப்பட்டிருக்கும். ஆனாலும் ஒரு வெளியூர்க்காரரை விழாவுக்குள் கொண்டுவர அவரிடம் விசுவாசம் கேட்காமல் வேலை கொடுத்தார்கள் என்பது கவனிக்க வேண்டியது.

சைகோனில் இதே நியாயம் நமக்கு எதிராகத் திரும்பியது. பிரெஞ்சு இந்தியாவில் 1881-இல் வந்த ஆணைப்படி, சாதி-மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றுக் குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டவர்கள் பலர். சுங்கம், காவல், நீதிமன்றம் என்று கொச்சின்சீன நிர்வாகத்தில் புதுச்சேரி, காரைக்கால் ஆட்கள் நிரம்பினார்கள். செட்டியார்கள் வட்டிக்கடை வைத்தார்கள், தண்டாயுதபாணிக்குக் கோயில் கட்டினார்கள். தமிழ் முஸ்லிம்கள் பள்ளிவாசல் எழுப்பினார்கள். காகிதத்தில் வழக்கத்தைத் துறந்தவர் நெஞ்சில் எதைத் துறந்தார் என்பதை ஆணை கேட்கவில்லை. 1975-க்குப் பிறகு தமிழர்களில் பெரும்பாலோர் வெளியேறிவிட்டார்கள். த்ருவாங் தின் தெருவில் மாரியம்மன் அங்கேயே நின்றாள். இன்று அங்கே வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் வியட்நாமியர்களும் சீனர்களும். தங்கள் சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பௌர்ணமியிலும் ஊதுவத்தியும் பூவும் கொண்டு வருகிறார்கள். கருவறைக் கற்சுவரில் நெற்றியை வைத்து வேண்டுதலைச் சொல்கிறார்கள். ஆடி வெள்ளியா தை வெள்ளியா என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அம்மன் தமிழச்சி, அவளைத் தமிழ்க் கணக்கில்தான் கும்பிட வேண்டும் என்று இங்கிருந்து சொல்வது எளிது. விளக்குக்கு எண்ணெய் ஊற்றியவர்கள் யார் என்று திருப்பிக் கேட்டால் நம்மிடம் பதில் கிடையாது. முறை கைமாறியது, அதோடு நாளும் கைமாறியது.

சிங்கப்பூரில் விடுமுறை வேறு விதமாகப் பேசப்பட வேண்டியது. அரசு 1968-இல் பொது விடுமுறைகளைக் குறைத்தபோது, இந்துக்களுக்குத் தீபாவளி மிஞ்சியது, தைப்பூசம் போனது. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் தங்கள் பங்குக்குச் சிலவற்றை விட்டார்கள். மலேசியாவிலோ சிலாங்கூர், பினாங்கு, பேராக், ஜோகூர் போன்ற மாநிலங்களில் தைப்பூசம் இன்னும் விடுமுறை. விடுமுறைதான் விழாவைத் தாங்குகிறது என்றால் சிங்கப்பூர்த் தைப்பூசம் ஐம்பது வருடத்தில் தேய்ந்து ஒரு மாலை அர்ச்சனையாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலை தண்டாயுதபாணி கோயில் வரை நள்ளிரவிலேயே காவடிகள் கிளம்பிவிடுகின்றன. காலையில் வேலைக்குப் போக வேண்டியவர்களும் எடுக்கிறார்கள். தன் ஆண்டு விடுப்பில் ஒரு நாளை வெட்டிக் கொடுத்து எடுக்கும் காவடிக்கு அரசு கொடுத்த ஓய்வில் எடுக்கும் காவடியைவிடக் கனம் அதிகம் என்று சொல்லத் தோன்றும். அந்த அளவுக்குப் போக நான் தயாரில்லை. விடுமுறை ஓர் உரிமை, அதைத் திரும்பக் கேட்கிறவர்கள் கேட்கட்டும். ஒன்று மட்டும் தெரிகிறது: காவடிக்குப் பின்னால் நேர்த்திக்கடன் இருக்கிறது, விரதத்தில் உடன் நின்ற உறவு இருக்கிறது, வேல் குத்தும்போது பிடிக்க ஆள் இருக்கிறது, பால்குடம் வாங்க இறுதியில் ஒரு கோயில் காத்திருக்கிறது. தீபாவளிக்கு நாள் கிடைத்தது, ஆனால் அந்த நாளில் யார் யாருக்கு என்ன செய்தாக வேண்டும் என்பது குடும்பத்துக்குள் சுருங்கிக்கொண்டே வருகிறது. சட்டம் ஒரு நாளைக் கொடுக்கலாம், கடமையைக் கொடுக்காது.

இந்த இடத்தில் உள்முகமாகப் போகிறவர்கள் குறுக்கிடுவார்கள். வரி, வடம், முதல் மரியாதை என்று பேசுவதெல்லாம் ஊர் நிர்வாகம், சமயம் இல்லை. சித்தர்களும் வள்ளலாரும் கோயிலையே தாண்டியவர்கள், அவர்களுக்குத் தலைக்கட்டு ஏது என்பார்கள். வடலூர் நமக்கு அதிகத் தொலைவில் இல்லை, எனவே வள்ளலாரையே எடுத்துக்கொள்ளலாம். சடங்கையும் சாதியையும் விட்டொழிக்கச் சொன்ன ராமலிங்கர், ஞான சபையைக் கட்டுவதற்கு ஐந்து வருடம் முன்பே, 1867-இல், தருமச்சாலையைத் தொடங்கினார். அதற்குப் பார்வதிபுரத்து மக்கள் நிலம் கொடுத்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் காக்கப்படுகிறது. அணையா அடுப்பு என்றால் என்ன? ஒவ்வொரு நாளும் யாரோ அரிசி கொண்டுவர வேண்டும், யாரோ விறகு போட வேண்டும், விடிந்ததும் யாரோ அங்கே இருந்தாக வேண்டும். சடங்கை நீக்கியவர் முறையை நீக்கவில்லை. படையலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பசித்தவரை வைத்தார். தைப்பூச ஜோதி தரிசனத்துக்கு வருடத்தில் ஒரு நாள், சோற்றுக்கு எல்லா நாளும். உள்முக ஞானத்துக்கே இப்படி ஒரு வெளிக்கடமை தேவைப்பட்டிருக்கும்போது, மனசு இருந்தால் போதும் என்பது வள்ளலார் பேரில் சொல்லக்கூடிய வாக்கியம் இல்லை.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று இருக்கிறது, அதை எளிதாகத் தாண்டிவிட முடியாது. தலைக்கட்டுப் பட்டியல் யாரைச் சேர்த்தது என்பதைப் போலவே யாரை விலக்கியது என்பதும் அதன் வரலாறுதான். தமிழ்நாட்டிலும் புதுவையிலும் எத்தனையோ ஊர்களில் காலனித் தெருவிடம் திருவிழா வரி வாங்கியதில்லை. அது இரக்கத்தால் அல்ல. வரி வாங்கினால் உரிமை கொடுக்க வேண்டும், தேர் அந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்பதால். பெண்ணுக்கு அடுப்படி வேலை முழுதும் உண்டு, தலைக்கட்டு கிடையாது. கடமைதான் விழா என்று புகழ்கிறவன், அந்தக் கடமை பங்கிடப்பட்ட விதத்தையும் சேர்த்துப் புகழ்கிறானா? கடல் தாண்டிப் போனவர்களில் பலர் இந்தப் பட்டியலிலிருந்து தப்பிக்கவும்தானே போனார்கள்? இந்தக் கேள்வி என் வாதத்தைச் சாய்க்கவில்லை என்றாலும் அதன் முகத்தை மாற்றுகிறது. வரி வாங்க மறுப்பதே ஒருவரை வெளியே நிறுத்தும் வழி என்றால், கடமையில் பங்கு என்பதுதான் உள்ளே இருப்பது என்பதற்கு அதைவிட உறுதியான சான்று வேண்டாம். பட்டியல் அநியாயம் என்பதற்காகப் பங்கு தேவையற்றது ஆகாது, பட்டியலை மாற்றி எழுத வேண்டும். மலாயாவில் அப்படி எழுதிப் பார்த்தார்கள். 1929 டிசம்பரில் பெரியார் அங்கே போனார். தொடர்ந்து சீர்திருத்தச் சங்கங்கள் எழுந்தன. சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ இதழின் கோ. சாரங்கபாணி 1952-இல் பொங்கலை ஒட்டித் தமிழர் திருநாளைத் தொடங்கினார். சாதியோ சமயமோ கேட்காமல், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என எல்லாரும் பங்கெடுக்கும்படி வகுத்த விழா அது. வயலே இல்லாத தீவில், உழாதவர்கள் சேர்ந்து நடத்திய பொங்கல். வயல் இல்லையே என்று சிரிக்கிறவர்கள், பாகூர்ப் பக்கத்திலேயே தொழிற்பேட்டைச் சம்பளத்தில் கடைப் பச்சரிசி வாங்கிப் பொங்கும் வீடுகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம்.

கடைசியாக, குடியேறியவரையும் கூலிக்குப் போனவரையும் ஒன்றாக வைத்துப் பேசக் கூடாது. சிங்கப்பூரில் குடியுரிமை பெற்றவருக்கு அங்கே கோயில் குழு உண்டு, உபயம் உண்டு, பிள்ளைக்குப் பள்ளியில் தமிழ் உண்டு. முயன்றால் அவர் ஒரு முறைக்குள் நுழையலாம். கட்டுமானத் தளத்தில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் இருக்கிற தொழிலாளி தங்குவிடுதியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை லாரியிலோ பஸ்ஸிலோ இந்தியர் கடைத்தெருவான தேக்காவுக்கு வருகிறார், வீரமாகாளியம்மனைக் கும்பிடுகிறார், ஊருக்குப் பணம் அனுப்புகிறார், பேசுகிறார், திரும்புகிறார். அந்த நகரம் அவருக்கு எந்த முறையும் வைக்கவில்லை. தங்கிவிடக் கூடாது என்பதுதான் அனுமதிச் சீட்டின் பொருளே. அவருக்கு நகரத்துத் தீபாவளி ஒரு வேடிக்கை. அவருடைய திருநாள் அங்கே இல்லை. சித்திரையிலோ ஆடியிலோ ஊரில் வரி பேசும் நாளில், அவர் பெயரை வாசிக்கும்போது மனைவி எழுந்து பணம் கட்டுகிறாளே, அங்கே இருக்கிறது. கைப்பேசியில் அனுப்பிய ரூபாய் வடம் பிடித்த கைக்கு ஈடாகுமா என்று கேட்டால், ஆகாது என்றுதான் சொல்வேன். ஆனால் பெயர் வாசிக்கப்பட்டது. கட்டியவள் அவள், வாசிக்கப்பட்ட பெயர் அவருடையது என்பதில் இருக்கிற கோணலையும் ஊர் பார்க்க வேண்டும். அவர் மகன் நாளை சிங்கப்பூரிலேயே கல்யாணம் செய்து தங்கிவிட்டால் அவனைத் தலைக்கட்டில் எழுதுவதா, மகள் பேரில் எழுதக் கூடாது என்று எந்தச் சாத்திரம் சொல்கிறது, இதுவரை வரியே கேட்கப்படாத தெருவில் எப்போது போய்க் கேட்பது: பஞ்சாங்கத்தில் இந்தக் கேள்விகளுக்கு இடம் இல்லை. மரத்தடியில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைத் திறக்கிறவர்கள்தான் இவற்றுக்குப் பதில் எழுத வேண்டியிருக்கிறது, அதுவும் அடுத்த திருவிழாவுக்கு முன்னால்.